சிங்கப்பூர் டு நியூயார்க்: 17 மணி நேரமா, 19-ஆ?

கேள்வி: அண்ணே, சாங்கில இருந்து நியூயார்க் கென்னடி ஏர்போர்ட் 15,300 கிலோமீட்டர் சொச்சம்னு நெட்ல போட்ருக்கு. 900 ஸ்பீடுல பறந்தா 17 மணி நேரம்தானே வரணும்? டிக்கெட்ல 18 மணி 40 நிமிஷம்னு இருக்கு. எங்க இடிக்குது?
- வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: கணக்கு சரிதான் தம்பி, ஆனா ஃப்ளைட் அந்த ரூட்ல போறதில்ல. நெட்ல இருக்கிறது குளோப் மேல நூலைப் பிடிச்சு அளந்த தூரம். சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74, கூட்டுனா 178, அதாவது ரெண்டு ஊரோட தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட நேரெதிர், அதனால குறுக்கு வழி கிட்டத்தட்ட வட துருவத்து மேலயே போகுது. பைலட் பெரும்பாலும் அப்படிப் போகாம ஜப்பான் பக்கமா ஏறி பசிபிக்கைத் தாண்டுவார், ஏன்னா 10, 12 கிலோமீட்டர் உயரத்துல மேற்கேருந்து கிழக்கே அடிக்கிற ஜெட் ஸ்ட்ரீம் காத்து குளிர்காலத்துல 200 கிலோமீட்டர் வேகத்தைக்கூட தாண்டும், அது முதுகுல தள்ளுனா தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அப்புறம் டிக்கெட்ல போடுறது, இங்க பிளேன் ஏர்போர்ட் கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அங்க கேட்ல போய் நிக்கிற வரைக்கும் ஆகிற நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போறது, கியூவுல நிக்கிறது எல்லாம் அதுலயே அடக்கம்.

கேள்வி: அப்ப திரும்பி வரும்போது எதிர்காத்துல மாட்டிக்குமே?

பதில்: அதனாலதான் சில நாள் திரும்பும்போதும் கிழக்கேயே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியா வந்துடுவாங்க. போயிட்டு வந்தா உலகத்தையே ஒரு சுத்து சுத்தியாச்சு!

கேள்வி: இந்த ஃப்ளைட்ல எகானமியே கிடையாதாமே, பணக்காரங்களுக்கு மட்டுமா?

பதில்: பாதி உண்மை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லயே நியூயார்க் பக்கத்து நியூவார்க்குக்கு நான்ஸ்டாப் விட்டாங்க, ஏர்பஸ் ஏ340-500, நாலு இன்ஜின், குடிச்ச எரிபொருளுக்கு கட்டுப்படி ஆகல, 100 சீட்டும் பிசினஸ் கிளாஸ்னு மாத்திப் பாத்தும் 2013-ல நிறுத்திட்டாங்க. 2018-ல ரெண்டே இன்ஜின் இருக்கிற ஏ350-900 யூஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச், ரொம்ப தூரம் பறக்கிற ரகம்) வந்ததும் திரும்ப ஆரம்பிச்சாங்க, கென்னடிக்கு 2020 நவம்பர்ல. இந்த பிளேன்ல 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இவ்வளவு தூரம் போறப்ப முதல் பாதியில எரியிறதுல கணிசமான பங்கு, மீதி எரிபொருளைச் சுமக்கறதுக்கே போயிடும். அதான் வெயிட்டைக் குறைக்க மொத்தமே 161 சீட், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி (சாதா எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவுல). நம்மள மாதிரி ஆளு வழியில ஒரு ஊர்ல இறங்கி மாறிப் போறதுதான் பர்சுக்கு நல்லது, காலை நீட்டி நடக்கவும் செய்யலாம்.

கேள்வி: ராத்திரி 12 மணிக்கு ஏறுனா அங்க எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறங்குவோம்?

பதில்: கோடைக்காலம்னா நியூயார்க் 12 மணி நேரம் பின்னாடி, அதே தேதி காலையில 6.40 வாக்குல இறங்கிடலாம், முள் வாட்ச்னா திருகவே வேணாம். குளிர்காலத்துல 13 மணி நேரம், அதனால 5.40. ரூமுக்கு செக்-இன் பெரும்பாலும் மத்தியானம் 3 மணிக்குத்தான், முன்னாடியே பேசி வச்சுக்குங்க.