ஐரோப்பிய நாடுகளின் பொருளாதாரம் தலைநகரை நம்பியா இருக்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் சந்தேகமே வேண்டாம்: பாரிஸைச் சூழ்ந்த இல்-து-பிரான்ஸ் வட்டாரத்தில் மக்கள்தொகையில் 18 சதவீதம்தான், ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 30 சதவீதம். மன்னராட்சிக் காலந்தொட்டே அதிகாரம் அங்கேதான் குவிந்தது. பிறகு ரயில் பாதைகளும் அங்கிருந்தே கிளம்பின.

ஜெர்மனி நேரெதிர். இரண்டாம் உலகப் போருக்கு முன் தலைநகர் பெர்லின் பெரும் தொழில்நகரம். 1945-க்குப் பின் நாட்டைப் போலவே நகரமும் கிழக்கு, மேற்கு எனத் துண்டானது. சீமென்ஸ் என்ற மின்பொறியியல் நிறுவனம், அலையன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் தலைமையகங்கள் மூனிக்குக்கும், பெரிய வங்கிகள் பிராங்பர்ட்டுக்கும் போயின. 1990-இல் நாடு இணைந்தும் பெரும்பாலானவை திரும்பவில்லை. பெர்லினைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஜெர்மனியின் தலா உற்பத்தி சற்றுக் கூடும் என்ற வேடிக்கையான நிலை பல ஆண்டுகள் நீடித்தது! அண்மையில்தான், புத்தொழில் நிறுவனங்களின் தயவில், பெர்லின் தேசிய சராசரியைத் தாண்டியது.

இத்தாலியிலும் பணம் புரள்வது ரோமைவிட மிலானில்தான்.