ஸ்கிரீன் இருந்தும் புத்தகம் புரட்ட வேண்டியிருந்தால்

ஆட்டத்தை நடத்துபவர் தன் முன் நிறுத்திவைக்கும் மடக்குத் தட்டிதான் ஸ்கிரீன். அதை மாற்ற வேண்டாம், உங்கள் பக்கம் பார்த்திருக்கும் உள்பக்க விதித் தாள்களை மட்டும் மாற்றுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (கற்பனைப் பாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பில், ஸ்கிரீன் இருந்தும் சண்டைக்குச் சண்டை விதிப் புத்தகம் புரட்ட வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். அநேகமாக, எப்போதாவது தேவைப்படும் அட்டவணைகள் கண்ணுக்கு நேரான இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்த ஆட்டத்தில் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் எதற்கென்று ஒரு துண்டுச் சீட்டில் குறியுங்கள். இரண்டாம் முறை வருவதெல்லாம் நடுப்பலகைக்குப் போகட்டும். என் கணிப்பில் இவை கட்டாயம் வரும்:

1. கண்டிஷன்கள் (பாத்திரம் மயங்குவது, கண் தெரியாமல் போவது போன்ற நிலைகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி.
2. மறைவு: பாதி என்றால் ஆர்மர் கிளாஸுக்கு (தாக்குபவர் பகடையில் எட்ட வேண்டிய தற்காப்பு எண்) +2, முக்கால் என்றால் +5.
3. கான்சன்ட்ரேஷன் சேவ் (அடி வாங்கியதும் மந்திரம் கலையாமலிருக்க உருட்டுவது): எட்ட வேண்டிய எண் 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது அதிகமோ அது.

அப்புறம், ஆட்டக்காரர்களின் பாசிவ் பெர்செப்ஷன் எண்களை (பகடை உருட்டாமலே எவ்வளவு கவனிப்பார்கள் என்பதற்கான எண்) ஒரு ஓரமாகக் கிளிப் போட்டு வையுங்கள். பதுங்கியிருக்கும் கோப்ளினைப் பார்த்தார்களா என்று வாய்விட்டுக் கேட்டாலே குட்டு உடைந்துவிடும்!

ஒன்று மட்டும்: பலகைகள் நெட்டுக்குத்தாக நிற்கும் உயரமான ஸ்கிரீன் என்றால் உட்கார்ந்தபடி மேப்பை எட்டுவது சிரமம். அதற்குத் தாள் மாற்றினால் போதாது, படுக்கைவாட்டில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும்.