'புதிய பறவை' படத்தில் கோபால் சொல்லும் முதல் பிளாஷ்பேக் பொய்தானே? அதைக் காட்சியாகக் காட்டியது பார்ப்பவரை ஏமாற்றுவது ஆகாதா?

ஆகாது. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைத் தொடாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

நீங்கள் அநேகமாக இப்போதுதான் முதல் தடவை பார்த்திருப்பீர்கள். கோபாலுக்காக மனம் இளகி உட்கார்ந்திருந்து, கடைசியில் கோபம் வந்திருக்கும். ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கும் இதே கோபம். "மாமா, ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக்கே 1950இல் 'ஸ்டேஜ் ஃபிரைட்' படத்தில் பொய் பிளாஷ்பேக் வைத்துவிட்டு, செய்திருக்கக் கூடாது என்று பின்னால் சொன்னார். அவரே தப்பு என்றதை நீங்கள் எப்படிச் சரி என்கிறீர்கள்?" என்று பொங்கல் அன்று சண்டைக்கு வந்துவிட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் வக்கீல் குமாஸ்தா. அடுத்தவர் வாக்குமூலத்தோடுதான் பிழைப்பு. முழுப் பொய் சொல்லும் சாட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள், ஒரே ஒரு இடத்தை மட்டும் தாண்டிவிடுவார்கள். கோபாலும் அதைத்தான் செய்கிறான். சிங்கப்பூரில் சித்ராவைப் பார்த்தது, மணந்தது, அவள் குடித்துவிட்டு ஆடியது, குடும்ப மானம் போனது எல்லாமே நடந்தவை. அவள் செத்த விதத்தில்தான் கதை மாறுகிறது. ரயிலில் விழுந்து தற்கொலை செய்துகொண்டாள் என்கிறான். உண்மையில் அவன் விட்ட அறையில், இதயம் பலவீனமான அவள் அங்கேயே இறந்துவிடுகிறாள். உடலைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறான். ஹிட்ச்காக் படத்திலோ, கொன்றவனே தன் கொலையை இன்னொருத்தி தலையில் கட்டுகிறான். இரண்டும் ஒன்றா?

அதோடு, அந்தக் கதையை இயக்குநர் தாதா மிராசி நமக்குச் சொல்லவில்லை. கோபால் தான் காதலிக்கும் லதாவுக்குச் சொல்கிறான். ரயிலைக் கண்டதும் அவன் நிலைகுலைந்து போனதை அவள் பார்த்துவிட்டதால்தான் சொல்லவே நேர்கிறது. வாய் மறைக்கப் போவதை உடம்பு முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிட்டது. துப்பை நம் கண் முன்னால் வைத்துவிட்டுத்தான் கதையையே ஆரம்பிக்கிறார்கள். இதை எப்படி ஏமாற்று என்பது?

பர்கூர் பக்கம் ஒரு மாந்தோப்பு வழக்கு. எதிர்த்தரப்பில் ஒரு பெரியவர் சாட்சி. அன்று பெய்த தூறல், கட்டியிருந்த மாடு, தோப்புக்கு யார் யார் வந்தார்கள் என்று அப்படியே படம் பிடித்த மாதிரி சொன்னார். வழக்கே எல்லைக்கு நட்ட சர்வே கல்லைப் பற்றித்தான், அது மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. எங்கள் சீனியர் கல்லை ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்கவில்லை. "அந்த இடத்தில் கல்லே இருந்ததில்லை என்கிறேன்" என்றார். பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்லாத கல்லையா ரெண்டு ஆள் வச்சுப் பிடுங்கினோம்?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் நாக்கைக் கடித்தார். எனக்கு அந்த நிமிடம் 'புதிய பறவை'தான் ஞாபகம் வந்தது.

படத்தில் போலீஸ் வைக்கும் பொறியும் இதே வகைதான். செத்துப்போனவள் உயிரோடு வந்து "நான்தான் சித்ரா" என்று வீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். பொறி வைத்தவர்களைத் தவிர, அவள் போலி என்று கோபால் ஒருவனுக்குத்தான் உறுதியாகத் தெரியும். அதை நிரூபிக்க வேண்டுமானால், தான் விட்டுவிட்ட அந்த ஓர் இடத்தை அவனே சொல்லியாக வேண்டும். முதல் பிளாஷ்பேக்கை நாம் நம்பாமல் போயிருந்தால் இந்தப் பொறிக்கு வேலையே இல்லை. 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தில் ஒரே கொலையைப் பல வாய்கள் பலவிதமாகச் சொல்லும். இங்கே ஒரே வாய் இரண்டு தடவை சொல்கிறது. எனக்கு இதுதான் கடினமான வேலையாகப் படுகிறது.

1963இல் வந்த வங்காளப் படத்தின் தழுவல்தானே, அதற்கும் முன்னால் 1958இல் ஆங்கிலப் படம் இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. அந்த ஆங்கிலப் படத்தில் ஒரு பெண்ணை மடக்க, செத்த சகோதரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருவான். தமிழில், கதையைக் கேட்கும் லதாதான் அவனை மடக்க வந்த போலீஸ் அதிகாரி, அவளே அவனைக் காதலிக்கவும் செய்கிறாள். எனக்கு அந்த வலிதான் பெரிது. சட்டம் படித்தவர்கள், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பழைய சாட்சியச் சட்டம் 25ஆவது பிரிவின்படி, 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள புதிய சட்டத்தில் 23ஆவது பிரிவின்படி, செல்லாது என்பார்கள். எனக்கும் தெரியும். கேள்வி கதை சொல்லும் முறையைப் பற்றியது, தண்டனையைப் பற்றியது அல்ல.

     

சரி, இன்னொரு தடவை படத்தைப் பாருங்கள். கோபால் கதை சொல்லும் நேரத்தில் சிவாஜியை விட்டுவிட்டு, லதாவாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சரோஜாதேவியை மட்டும் கவனியுங்கள். அவர் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.