எட்டு இருக்கை ராமென் கடைக்குள் நுழைவது எப்படி?

கேள்வி: அலுவலக வேலையாக இரண்டு வாரம் டோக்கியோ போகிறேன், மனைவியும் வருகிறார். தங்குமிடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஆள் சமைத்துப் பரிமாறும் சின்ன ராமென் (சூடான சாற்றில் போட்டுத் தரும் ஜப்பானிய நூடுல்ஸ்) கடை இருக்கிறதாம், எட்டே இருக்கைகள். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், மனைவி சுத்த சைவம். அங்கே போகலாமா?

பதில்: நீங்கள் போகலாம். மனைவியை அந்தக் கடைக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

முதலில் இதைச் சொல்லக் காரணம், பலரும் ஏமாறும் இடம் இதுதான். மேலே வைக்கும் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் ராமென் சைவமாகிவிடாது. அந்தச் சாறே பன்றி எலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுத்தது. பெரும்பாலும் கருவாட்டு வகைகளும் சேரும். ஷோயு, ஷியோ, மிசோ என்று பலகையில் பார்த்து, சோயா சாறு, உப்பு, சோயா விழுது, இதில் என்ன அசைவம் என்று நினைப்போம். அவை சுவையூட்டும் கலவையின் பெயர்கள் மட்டுமே. கிண்ணத்தில் முதலில் அந்தக் கலவையை ஊற்றி, அதன் மேல் எலும்புச் சாற்றை ஊற்றுவார்கள். முட்டைக்கோஸ் குவித்த காய்கறி ராமெனுக்கும் பொதுவாக இதே கதைதான். தவிர, இவ்வளவு சின்னக் கடையில் உட்காரும் ஒவ்வொருவரும் ஒரு கிண்ணம் வாங்க வேண்டும். சும்மா துணைக்கு உட்கார முடியாது. மனைவிக்கு டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் தந்தன் நல்ல இடம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்ப்பதில்லை. டிக்கெட் தடுப்பைத் தாண்டி உள்ளே இருக்கிறது, அதனால் ரயில் ஏறும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

மாட்டிறைச்சி விஷயத்தில் உங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை, ராமெனில் பன்றியும் கோழியும்தான் அதிகம். ஆனாலும் மாட்டெலும்புச் சாறு வைக்கும் கடைகளும் உண்டு. கைபேசி மொழிபெயர்ப்பில் கேள்வியைத் தயாராக வைத்து, காசு போடும் முன்பே காட்டிக் கேட்டுவிடுங்கள்.

காசு என்றதும் நினைவு வருகிறது. இப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் வாசலிலேயே டோக்கன் இயந்திரம் இருக்கும். பணம் போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைச் சமையல்காரரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய இயந்திரங்கள் ஆயிரம் யென் தாளையும் சில்லறையையும் மட்டுமே வாங்கும். 2024 ஜூலையில் புதுத் தாள்கள் வந்தபோது, மாற்றியமைக்காத இயந்திரங்கள் அவற்றைத் துப்பின. அதனால் கொஞ்சம் நாணயமும் கையில் இருக்கட்டும். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் மேல் வரிசையில் இடது ஓரம். கடையின் முக்கியமான கிண்ணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சீட்டைக் கொடுத்ததும் அவர் ஏதாவது கேட்கலாம். நூடுல்ஸ் எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்பதாகத்தான் இருக்கும். "ஃபுட்சூ" என்றால் வழக்கம்போல என்று பொருள், தப்பித்துவிடலாம். புரியாமல் "ஹாய்" (ஆமாம்) என்று தலையாட்டாதீர்கள். ஒரு கடையில் நான் அப்படித்தான் ஆட்டினேன். அவர் கேட்டது பச்சைப் பூண்டு போடவா என்று. அன்று மதியம் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது.

கிண்ணம் வந்ததும் ஒரு படம் எடுங்கள், போதும். சூடான சாற்றில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நூடுல்ஸ் ஊறிக்கொண்டே போகும். மாவில் சேர்க்கும் கான்சுய் என்ற காரநீர் (நம் அப்பளக்காரத்தின் உறவுக்காரர்தான்) அதற்கு ஒரு துள்ளலைக் கொடுக்கிறது. அந்தத் துள்ளல் போகும் முன் சாப்பிடத்தான் அவர் அவ்வளவு அவசரமாக நீட்டுகிறார். நம் வீட்டில் உறிஞ்சினால் திட்டு விழும், அங்கே தாராளமாக உறிஞ்சலாம். சூடும் ஆறும், மணமும் மூக்குக்கு ஏறும். தெற்கு ஜப்பானின் ஹகாதா வகை மெல்லிய நூடுல்ஸ் என்றால் சாற்றைக் காலி செய்துவிடாதீர்கள். "காயெதாமா" என்று கேட்டால் இன்னொரு பிடி நூடுல்ஸ் அதே கிண்ணத்தில் விழும், அதற்குத் தனிக் காசு. மற்றபடி சாறு முழுவதையும் குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, உப்பு நிறையவே இருக்கும்.

கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். ஓர் ஆள், எட்டு இருக்கை, வாசலில் வரிசை. பேசிக்கொண்டு உட்கார அருகில் காபிக் கடை இருக்கும். எழும்போது கிண்ணத்தை எதிரே உயரமாக இருக்கும் திட்டில் எடுத்து வைத்து, துணி இருந்தால் மேசையை ஒரு முறை துடைத்து, "கொச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு வாருங்கள். டிப்ஸ் வைக்காதீர்கள். மறந்துவிட்டுப் போனதாக நினைத்துப் பின்னாலேயே ஓடி வருவார்.

இன்னொன்று. அன்றைக்கு வைத்த சாறு தீர்ந்தால் நேரத்துக்கு முன்பே கடையைச் சாத்திவிடுவார்கள். அதனால் திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். வரிசை தெருவில்தான், குடை எடுத்துப் போங்கள்.