ஆறிப்போன மீ

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்குடியிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற சனிக்கிழமை, என்னோடு வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர், அவர் வீட்டருகே உள்ள உணவங்காடி நிலையத்துக்குக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே பேர்போன கடை ஒன்றில், நெருப்பில் வாட்டிய பன்றி இறைச்சி போட்ட மீ, அதாவது சீன நூடுல்ஸ். 40 நிமிடங்கள் வரிசையில் நின்றோம். தட்டு வந்ததும் படம் எடுத்தேன். அம்மாவைக் காணொளியில் அழைத்துக் காட்டினேன். "விடிந்ததும் விடியாததுமாகப் பன்றிக்கறியா?" என்று அம்மா முகம் சுளித்தார். பேசி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது மீ ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் வாடியது. இதற்காகவா இத்தனை பேர் கால்கடுக்க நிற்கிறார்கள்? இதை ஏன் காலையில் சாப்பிடுகிறார்கள்? நான் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்தக் கடையின் மீயை இன்னும் சாப்பிடவில்லை. உங்கள் தட்டில் இருந்தது, பத்து நிமிடத்துக்கு முன்பு அந்தக் கடையின் மீயாக இருந்த ஒன்று. நண்பரின் முகம் வாடியதும் நீங்கள் மிச்சம் வைத்ததற்காக இருக்காது என்றே நினைக்கிறேன். மேசையில் தட்டு ஆறிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே, தாயும் மகளும் பேசும்போது குறுக்கிட மனம் வராமல் உட்கார்ந்திருந்திருப்பார், பாவம்.

அந்த மஞ்சள் மீ கோதுமை மாவும் முட்டையும் காரநீரும் சேர்த்துப் பிசைந்தது. நம் ஊரில் அப்பள மாவில் அப்பளக்காரம் சேர்க்கிறோமே, ஏறக்குறைய அதே வகைச் சரக்குதான். அந்தக் காரம் மாவை இறுக்குகிறது, மஞ்சளை ஏற்றுகிறது, கடிக்கும்போது பல்லில் ஒரு துள்ளலைத் தருகிறது. அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கடைக்காரரின் கைகளைப் பாருங்கள். ஒரு பிடி மீயை உதிர்த்துக் கொதிநீரில் போடுவார். மெல்லிய மீ ஒரு நிமிடம்கூடத் தாங்காது. வலைக்கரண்டியில் அள்ளி உடனே குளிர்ந்த நீரில் முக்குவார். ஒட்டியிருக்கும் மாவு கழுவப்படும், வேக்காடும் அந்த இடத்தில் நிற்கும். மறுபடியும் கொதிநீரில் ஒரு முக்கு, ஓர் உதறல். தட்டில் முன்பே காத்திருக்கும் மிளகாய்ச் சாந்திலும் சோயாவிலும் எள்ளெண்ணெயிலும் உருக்கிய பன்றிக்கொழுப்பிலும் புரட்டிவிட்டு, இறைச்சியை மேலே அடுக்கிக் கையில் கொடுத்துவிடுவார்.

அதற்குப் பிறகு மீ தன் சூட்டிலும் ஈரத்திலும் தானே ஊறிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் துள்ளல் தளரும். பத்து நிமிடத்தில் நீங்கள் கண்ட கட்டி. கல்லிலிருந்து எடுத்த முறுகல் தோசையை மூடிவைத்து அரைமணி நேரம் கழித்துச் சாப்பிட்ட ஒருவர், "இதுதானா உங்கள் ஊர் தோசை?" என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் என் அடுத்த வீட்டில் இருந்த சீனப் பாட்டி. நான் இங்கு வந்த புதிதில், சந்தைக்குப் போகும் வழியில் என்னைக் கீழே உள்ள கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் மட்டும். தட்டு வந்ததும் நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "மாக்கான் டூலு" என்றார். முதலில் சாப்பிடு. தட்டு காலியாகும்வரை அவரும் பேசவில்லை, என்னையும் பேசவிடவில்லை. பிறகு காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்.

உங்கள் தட்டில் இரண்டு வகை இறைச்சி இருந்திருக்கும். சிவந்து, ஓரம் கருகி, இனித்தது சார் சியூ. கான்டனிய மொழியில் 'கவைக்கோலில் சுட்டது' என்று பொருள். சர்க்கரையிலும் சோயாவிலும் ஐந்து மசாலைத் தூளிலும் ஊறவைத்து, கொக்கியில் தொங்கவிட்டு வாட்டி, மால்ட் பாகைப் பூசுவார்கள். பாகு தீயில் பட்டுக் கருகிய அந்த ஓரம்தான் சார் சியூவின் உயிர். கொழுப்புக்குப் பயந்து வெறும் சதையாகக் கேட்டு வாங்குகிறவர்களுக்குச் சக்கைதான் கிடைக்கும். 'புன் ஃபே சௌ' என்று கேளுங்கள்: பாதிக் கொழுப்பு, பாதிச் சதை. ஒரு தமிழ்ப் பெண் இப்படிக் கேட்டால் கடைக்காரர் தலைநிமிர்ந்து பார்ப்பார், நல்ல துண்டையும் தேடி வெட்டுவார். இது என் அனுபவம்.

தோல் மொறுமொறுத்த மற்றது சியூ யோக். இது விலாவுக்குக் கீழே உள்ள வயிற்றுப் பகுதி. கொழுப்பும் சதையும் மாறி மாறி அடுக்காக இருப்பதால் சீனர்கள் இதற்கு 'ஐந்து மலர் இறைச்சி' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். தோலை ஊசிகளால் நெருக்கமாகக் குத்தி, உப்பைத் தேய்த்து, இரவெல்லாம் காயவைத்து, கடும் சூட்டில் வாட்டுவார்கள். கொழுப்பு துளைகள் வழியே கசிந்து, தோல் பொரிந்து குமிழ் குமிழாக எழும்பும். நீங்கள் ஒரு வாயில் மென்று முடிக்கும் துண்டுக்கு முதல் நாளே வேலை தொடங்கிவிடுகிறது. ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்த மொறுமொறுப்பு சில மணி நேரம்தான் நிற்கும். வாட்டி நேரமாகிவிட்டால், காற்றின் ஈரத்தைக் குடித்துத் தோல் ரப்பராகிவிடும். ஏன் காலையில் என்று கேட்டீர்களே, பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. விடியலில் அடுப்பிலிருந்து இறங்கியதை விடிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும்.

மீதிப் பதில் இந்த இடங்கள் உருவான விதத்தில் இருக்கிறது. ஒருகாலத்தில் இவையெல்லாம் தெருவோர உணவு. 1968, 1969-இல் அரசு தெருக் கடைக்காரர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. ஏறத்தாழ 18,000 பேர். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியமர்த்தினார்கள். குடியிருப்புப் பேட்டைகளில் பலவற்றை மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையோடு சேர்த்தே கட்டினார்கள். மீன் வாங்க வந்த பாட்டியும், இரவுப் பணி முடித்த காவலாளியும், பள்ளிப் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து, காலையில் எது சூடாக இருக்கிறதோ அதைச் சாப்பிட்டார்கள். இரவுப் பணி முடித்தவருக்கு அது இரவுச் சாப்பாடு. காலைக்கென்று தனி உணவு, மதியத்துக்கென்று தனி உணவு என்ற கோடு அங்கே அவ்வளவு அழுத்தமாக இல்லை. நம்மிடம் மட்டும் என்ன? இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் காலைச் சாப்பாடுதானே? காரைக்குடிக்காரரான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அம்மா சுளித்த முகத்துக்கு வருகிறேன். பழகாத இறைச்சியைக் கண்டு தயங்குவது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் அது தமிழருக்கே அந்நியமானது என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பட்டினம் வருகிறது. கள் அடும் பெண்கள் உள்ள அந்த இடத்தில், ஆண்பன்றியைப் பெண்பன்றியோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தீனியாகப் போட்டுப் பல நாள் கொழுக்க வளர்க்கிறார்கள். அந்தக் கொழுத்த தசையையும் கள்ளையும் அங்கே பெறலாம் என்று பாணனுக்கு வழி சொல்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கொழுப்பின் அருமை தெரிந்து, அதற்காகவே தீனி போட்டு வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் தோ பாயோ கடையின் கொக்கிகள் நினைவுக்கு வரும்.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமா என்றால், தாராளமாகச் சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் யார் எதை உண்பதில்லை என்பது எல்லோருக்கும் பழக்கமான பேச்சு. ஒருவர் பன்றி உண்ணமாட்டார், ஒருவர் மாடு உண்ணமாட்டார், மூன்றாமவர் சைவம். மூவரும் ஒரே மேசையில் உட்காருவதற்குத்தான் உணவங்காடி நிலையம். யுனெஸ்கோ 2020-இல் இந்தக் கலாசாரத்தைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மேசைதான். நீங்கள் மறுத்திருந்தால் நண்பர் உங்களுக்கு இன்னொரு கடையைக் காட்டியிருப்பார். ஒப்புக்கொண்ட பிறகு ஆறவிட்டதுதான் சரியில்லை.

வரிசையைப் பற்றி என் கருத்து கறாரானது. 40 நிமிடம் நிற்கத் தகுந்த மீ எந்தக் கடையிலும் இல்லை. 2016-இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் தந்து தரம் பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டியின் முதல் சிங்கப்பூர்ப் பதிப்பு வந்தபோது உணவங்காடிக் கடைகள் இரண்டுக்கு நட்சத்திரம் கிடைத்தது. ஒன்று சோயாவில் வெந்த கோழிக்கு, மற்றது கொத்திய பன்றி இறைச்சி மீக்கு. எளிய உணவுக்குக் கிடைத்த மரியாதை என்று மகிழ்ந்தேன். அதோடு, வரிசையின் நீளத்தைச் சுவையின் அளவாக எண்ணும் பழக்கமும் வலுத்துவிட்டது. உண்மையில் வரிசை கைகளின் எண்ணிக்கையையும் காட்டுகிறது. ஒரு கொதிநீர்ப் பானை, வெட்ட ஒருவர், மீ போட ஒருவர்; ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தட்டுக்கு மேல் முடியாது. அவசரப்பட்டு ஒரே முக்கில் ஆறு தட்டுக்குப் போட்டால் மீ அங்கேயே கட்டியாகிவிடும். பானைக்குப் பின்னால் நிற்கிறவர்களில் பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. விடியுமுன் எழுந்து வந்து நிற்கும் அந்த மனிதர்களைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் போய் மதிப்பிடாதீர்கள்.

ஒரு வார நாளில், காலை ஏழு மணிக்கே போங்கள். நண்பரையும் அழையுங்கள்; இம்முறை காசு நீங்கள் கொடுங்கள், தட்டு ஐந்தாறு வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) இருக்கும். அவரை மேசையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் வாங்கிவாருங்கள். சர்க்கரை குறைந்த காப்பி வேண்டுமானால் 'கோப்பி சியூ டாய்' என்று முன்பே சொல்லிவையுங்கள். தட்டு வந்ததும் அடியிலிருந்து ஒரு புரட்டு, பிறகு முதல் வாய் வெறும் மீ. காடியில் (வினிகரில்) ஊறிய பச்சைமிளகாயை இரண்டாவது துண்டு இறைச்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பின் திகட்டலை அது அறுத்துவிடும். அம்மாவைப் பிறகு அழைக்கலாம். தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் ஹலால், ஹலால் அல்லாதது என்று இரண்டு அடுக்குகள் இருக்கும். இந்தத் தட்டு இரண்டாவதில் போகவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா