சுவரை உடைக்கும் முன்னே: வீட்டுக் கசிவு கேள்வி பதில்

புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கமும் குழாய் வேலை எடுத்துச் செய்பவன் நான். மழைக்காலம் முடிந்தால் ‘சுவர் நனையுது’ என்றுதான் பாதிக் கேள்விகள் வரும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

லாஸ்பேட்டை: கீழ் ஹால் சீலிங்கில் ஈரத்திட்டு. நேர் மேலே மாடி பாத்ரூம். வந்து பார்த்தவர் டைல்ஸ் முழுக்கப் பெயர்த்தால்தான் தெரியும் என்கிறார். உடைக்கலாமா சார்?

வேண்டாம். உளி கடைசியில்தான். கசியும் இடத்துக்கு நேர் கீழேதான் சொட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டைல்ஸுக்குக் கீழே இருக்கும் நிரப்பில் ஊறி, சரிவு பார்த்து நகர்ந்து, தளத்தில் எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கே என்று தேடுவதற்கு முன்னால், எப்போது நனைகிறது என்று பாருங்கள்.

ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். இரண்டு நாள் அந்த பாத்ரூமில் யாரும் குளிக்க வேண்டாம். வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும். கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்தால், சுவருக்குள் போகும் சப்ளை லைனைச் சந்தேகப்படலாம், ஏனென்றால் அதில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். ஓரம் காயத் தொடங்கினால் சப்ளை லைன் தப்பித்தது. தரையோ கழிவுக் குழாயோதான் காரணம்.

அதையும் பிரிக்கலாம். தரைத் துளையை நன்றாக அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் கூடினால் டைல்ஸ் இடுக்கும் ஓரங்களும். கூடவில்லையா, அடைப்பை எடுத்து நாலு வாளி ஊற்றுங்கள். அதற்குப் பிறகு சொட்டினால் நானி டிராப்பும் (தரைத் துளைக்குக் கீழே பதித்த கிண்ணம்) பைப்பும் சேரும் இடம். வெறும் இடுக்குப் பிரச்சினை என்றால், பழைய இடுக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி (தண்ணீர் புகாத பூச்சு) வைத்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

அதே லாஸ்பேட்டை சார் மறுபடி: ரெண்டு நாளாச்சு, கோட்டைத் தாண்டிவிட்டது. அடுத்து?

சரி, சப்ளை லைன்தான். இப்போது கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை (சுவரில் இருக்கும் சின்ன வால்வு) மூடி, பாத்ரூம் வால்வைத் திறந்தே விடுங்கள். மிக்சர் குழாய் இருந்தால் அதையும் இறுக மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் பச்சைத்தண்ணீர் அந்த வழியாகச் சுடுதண்ணீர் லைனுக்குள் போய்விடும். ஈரம் நின்றால் சுடுதண்ணீர் லைன். நிற்கவில்லை என்றால் பச்சைத்தண்ணீர் லைன். உடைக்க வேண்டிய இடம் இதிலேயே பாதியாகிவிடும்.

அப்புறம் பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். குழாய் வாய்களை எல்லாம் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. முள் அசையாமல் நின்றால் அந்த லைனுக்கு நற்சான்று.

சத்தம் கேட்டுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி பற்றியும் பலர் கேட்டார்கள். அழுத்தம் குறைந்தால் கசிவின் சத்தமும் குறையும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்தான். ஒரு மாடி வீட்டில் அதைவிடக் குறைவு. அதுவும் பிளாஸ்டிக் குழாய் சத்தத்தை விழுங்கிவிடும். ஆக, நம் வீடுகளுக்கு அந்தக் கருவி அவ்வளவாக உதவாது. வெப்பக் கேமரா, சுடுதண்ணீர் லைனுக்கு மட்டும் நன்றாகக் காட்டும்.

இடம் தெரிந்ததும் எல்போ (வளைவு இணைப்பு) இருக்கும் இடத்தை மட்டும் கொத்தாதீர்கள், குழாயை வெட்டிப் புது கப்ளர் (நேர் இணைப்பு) நுழைக்கக் கொஞ்சம் அசைவு வேண்டும். சிபிவிசிக்கு (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) அதற்கான சால்வென்ட் பசைதான் போட வேண்டும், சாதா பிவிசி பசை நிற்காது. வெட்டிய வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தாலும் ஒட்டு கெட்டுவிடும், டேங்க் வால்வை மூடிக் குழாயை வடியவிட்டுத் துடையுங்கள். ஒட்டியபின் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து தண்ணீர் விடுங்கள். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். கொத்தனார் அவசரப்படுத்துவார், அவருக்கு வேறு வேலை இருக்கும்.

மஞ்சக்குப்பம்: ராத்திரி நிரப்பிய ஆயிரம் லிட்டர் டேங்க் காலையில் பாதி. எங்குமே ஈரம் இல்லையே அண்ணா?

ஈரம் இல்லாமல் தண்ணீர் போகிறது என்றால் முதலில் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க். அதில் சொட்டு நீலம் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். பீங்கானில் நீலம் இறங்கினால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. சின்னச் செலவு.

அது இல்லையென்றால், படுக்கப் போகும்போது டேங்கின் வெளிவால்வை மூடி மட்டத்தைக் குறித்து வையுங்கள். மூடியும் குறைந்தால் டேங்கோ அதை ஒட்டிய இணைப்போ. குறையவில்லை என்றால் வால்வுக்குக் கீழே, மண்ணுக்குள் போகும் லைனில் தேடுங்கள். உங்கள் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் என்பது சுமார் 9 லிட்டர். வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாயில் நாளுக்கு 20 லிட்டர் வரை போகலாம். பாதி டேங்க் காலி என்றால் அது சொட்டு இல்லை, ஓட்டம்.

தம்பி ஒருவர், அரியாங்குப்பம்: சுவர் நனைந்த இடத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது.

மெயினை ஆஃப் பண்ணிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். முதலில் எலெக்ட்ரீஷியன், அப்புறம்தான் பிளம்பர். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீடு என்றால் 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஒன்றை இந்த வாரமே மாட்டுங்கள்.

முத்தியால்பேட்டை: பழைய சுண்ணாம்புக் கட்டு வீடு. அடிச்சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளையாக உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது. மூன்று முறை புட்டி அடித்தாகிவிட்டது. எந்தக் குழாய் ஒழுகுகிறது?

எந்தக் குழாயும் ஒழுகவில்லை அம்மா. இது ஓதம். மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. ஈரம் காற்றில் போய்விடும், கூட வந்த உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கிப் பூச்சைத் தள்ளும். ஓதம் பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்கு மேல் ஏறாது. குழாய்க் கசிவுக்கு அந்தக் கணக்கு கிடையாது, எந்த உயரத்திலும் திட்டாக வரும். புட்டியும் சிமென்ட் பூச்சும் ஆயில் பெயின்டும் சுவரின் மூச்சை அடைக்கின்றன. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கெட்டதைச் செங்கல் வரை உரித்து, காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தால் பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். வெளியே சுவரோரம் மண்ணோ தளமோ வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் இறக்குங்கள். தெருவை உயர்த்திக்கொண்டே போனதில் நிறைய வீடு இப்படித்தான் ஆனது.

தேவனாம்பட்டினம்: மழைக்காலத்தில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) தானாக நிறைகிறது, கோடையில் தானாகக் குறைகிறது. நல்லதுதானே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலத்தடி நீர் மட்டம் உயரும்போது விரிசல் வழியாக உள்ளே வருகிறது, இறங்கும்போது அதே வழியில் வெளியே போகிறது. உங்கள் செப்டிக் டேங்கும் பக்கத்து வீட்டுக்காரருடையதும் அதே மண்ணில்தான் இருக்கின்றன. குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் சம்பை முழுக்க இறைத்துக் காலி பண்ணவும் வேண்டாம், வெளியிலிருந்து வரும் அழுத்தம் அடித்தளத்தைத் தூக்கிப் பிளக்கும். ஏப்ரல், மே மாதம் மட்டம் இறங்கியபின் காலி செய்து, விரிசலை வெட்டித் திறந்து அடைத்து, உள்ளே நீர்க்காப்புப் பூச்சு கொடுங்கள்.

வில்லியனூர்: சாதாரண மழைக்கு ஒன்றும் இல்லை. பெஞ்சல் புயலில் மட்டும் படுக்கையறைச் சுவர் ஊறிவிட்டது. மொட்டை மாடிக்குக் கெமிக்கல் அடிக்கச் சொல்கிறார்கள்.

2024 நவம்பர் 30-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாடியில் தண்ணீர் போகும் வாய் அடைத்திருந்ததா, குளம் கட்டி நின்றதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மாடி குற்றவாளி இல்லை. சாதா மழை மேலிருந்து விழும், புயல் மழை பக்கவாட்டில் அடிக்கும். காற்று அடித்த பக்கத்து வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி, சன்ஷேடு சுவரோடு சேரும் மூலை ஆகியவற்றைப் பாருங்கள். ஓஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்துக்கும் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தால் எது என்று தெரிந்துவிடும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து குழப்பிவிடும்.

கடலூர் முதுநகர்: ஒழுகும் குழாய்க்கு எம்சீல் பசை அப்பினால் போதுமா?

விருந்தாளி கிளம்பும் வரை தாங்கும்.

செம்மண்டலம், அபார்ட்மென்ட்: மேல் வீட்டு பாத்ரூமிலிருந்துதான் ஒழுகுகிறது. அவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

சண்டைக்குப் போகாமல் சங்க ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, அவர்கள் சம்மதத்தோடு தரைத் துளையில் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் சீலிங்கில் அதே நிறம் இறங்கினால் பேச்சே வேண்டாம். இறங்க ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம், உடனே வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நிறம் வரவேயில்லை என்றாலும் அவர்களுடைய சப்ளை லைன் பாக்கி இருக்கிறது. அதற்கு லாஸ்பேட்டை சாருக்குச் சொன்ன பென்சில் கோடுதான். சரிசெய்தபின் உங்கள் சீலிங் காய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்.