வாசகர் கேள்வி – பதில்: உதவித்தொகையும் சான்றிதழின் சதவீதமும்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். அடையாள அட்டையில் கை, கால் இயக்கக் குறைபாடு 65 சதவீதம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, 75 சதவீதம் இருந்தால்தான் கிடைக்கும் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். கணவர் லாரி ஓட்டுகிறார். பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் செலவழித்தே நகைகள் அடகுக்குப் போய்விட்டன. எங்களுக்கு வேறு வழி உண்டா? – ஒரு தாய், தமிழ்நாடு

பதில்: உண்டு. ஆனால் வேறு திட்டங்களைத் தேடும் முன், கையில் உள்ள சான்றிதழை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அந்த உதவித்தொகைக்கு, கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில்தான் 75 சதவீதம் தேவை; அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 சதவீதமே போதும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இயக்கக் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்தே இருப்பதுண்டு. ஆனால் சான்றிதழ் வழங்கும் முகாமில் எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தால், இயக்கக் குறைபாடு மட்டுமே சான்றிதழில் ஏறியிருக்கும். உங்கள் மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், அவனுடைய அறிவுத்திறன் இதுவரை சோதிக்கப்பட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது.

சோதிக்கப்படவில்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியல் மதிப்பீடு செய்துகொண்டு, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். உதாரணமாக, அறிவுசார் குறைபாடு 50 சதவீதம் என்று பதிவானால், அந்தப் பிரிவிலேயே உதவித்தொகைக்குத் தகுதி வந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பல்வகைக் குறைபாடாகக் கணக்கிட்டாலும், 65-உம் 50-உம் சேர்ந்து 115 ஆகிவிடாது. பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்டுவதே மருத்துவக் குழுவின் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 79 வருகிறது, 75-ஐத் தாண்டிவிடுகிறது. மனுவைத் திருப்பியவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் வருத்தம். மதிப்பீட்டில் அறிவுசார் குறைபாடு இல்லை என்று வந்தால் மகிழ்ச்சியே. அப்போதும் கீழே சொல்லும் உதவிகளுக்குத் தடையில்லை.

முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது; குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்குமே உதவும். வாரந்தோறும் செல்லும் பிசியோதெரபிக்கு உதவாது. அந்த இடைவெளிக்கென்றே இருப்பது, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும் தனித்தனி உச்சவரம்புடன் வழங்குகிறார்கள். சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து தருவார்கள். முதலில் நீங்கள் செலவழித்துப் பிறகுதான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பதால், தெரபிஸ்ட் தரும் துண்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளாமல், குழந்தையின் பெயரும் தேதியும் முத்திரையும் உள்ள ரசீதையே கேட்டு வாங்குங்கள்.

கைக்காசு போடாமலே பயிற்சி பெறவும் இடமுண்டு. குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பயிற்சி தர மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களிலும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களிலும் கட்டணம் இல்லை. பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியர்கள் வீட்டுக்கே வருவதும் உண்டு.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மகளுக்கு ஆட்டிசம். வருமான வரிக் கழிவு பெற எல்லாச் சிகிச்சை ரசீதுகளையும் காட்ட வேண்டுமா? – ஒரு தந்தை

பதில்: வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு (2026 ஏப்ரல் முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு), உண்மையில் செலவான தொகை எவ்வளவாயினும், 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள குறைபாட்டுக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் இது பழைய வரி முறையில் மட்டுமே. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் சம்பள வருமானம் (நிலையான கழிவையும் சேர்த்து) 12.75 லட்சம் வரை வரி வராது என்பதால், உங்கள் வருமானம் அதற்குள் இருந்தால் இந்தக் கழிவால் பலன் ஒன்றுமில்லை. அதற்கு மேல் இருந்தால் இரண்டு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு நிறுவனத்திடம் தெரிவியுங்கள். ஆட்டிசத்துக்கான சான்றை அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவரிடமோ, குழந்தை நரம்பியல் நிபுணரிடமோ உரிய படிவத்தில் பெற வேண்டும். குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றே தரப்படுவது வழக்கம். அதில் குறித்த மறுமதிப்பீட்டுக் காலம் முடியும் நிதியாண்டுக்கு அடுத்த நிதியாண்டிலிருந்து, புதிய சான்று பெறாமல் கழிவு கோர முடியாது.